பாவாயி பேரில் ஒரு துப்பாக்கி

கருப்பண்ணன் செத்து நாற்பது நாள் ஆவதற்குள், துப்பாக்கிகளைக் கீழே கொண்டுபோகிற முறை அவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, மார்கழி மாதம். கொல்லிமலையில், எடப்புளி நாடு என்ற ஊர்த்தொகுதியின் வனத்தோரத்தில் பன்னிரண்டு வீடுகள் இருந்த சிற்றூர் அது. நாலு வீட்டில் துப்பாக்கி இருந்தது. எல்லாம் குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, கம்பியால் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. வேட்டையாடச் சர்க்கார் அதைக் கொடுக்கவில்லை. பயிரைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற என்று எழுதிக் கொடுத்திருந்தது. டிசம்பர் முடிவதற்குள் துப்பாக்கியையும் லைசென்சுக் காகிதத்தையும் தாலுக்கா கச்சேரியில் காட்டி, அடுத்த வருசத்துக்கு முத்திரை வாங்கி வரவேண்டும்.

போய்வர இரண்டு நாள் ஆகும். அதுவோ சாமைக் கதிர் முற்றுகிற நேரம். நாலு ஆம்பளைகளும் இறங்கிப் போனால் நாலு வீட்டுச் சாமைக் காட்டிலும் பன்றிக்கு விருந்து. அதனால் வருசத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். முறைக்காரர் நாலு துப்பாக்கியையும் கற்றாழை நாரில் ஒரு கட்டாகக் கட்டி, நாலு காகிதத்தையும் மூங்கில் குழாயில் போட்டுக்கொண்டு இறங்குவார். அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான். சந்தையிலிருந்து உப்புச் சுமப்பது, விதை வாங்குவது, அடுத்த நாட்டுக்குச் சாவுச் சேதி சொல்லப் போவது எல்லாம் வீட்டு முறை.

சர்க்கார் சட்டத்தில் அப்படி ஒரு முறை கிடையாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. லைசென்சு துப்பாக்கிக்குத்தானே, துப்பாக்கி போனால் போதாதா என்று நினைத்திருந்தார்கள். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போக மாட்டுக்காரனே போகவேண்டுமா என்ன? கச்சேரியில் இருந்த பழைய குமாஸ்தாவும் குழலை எண்ணி, நம்பரைப் பார்த்து, முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கருப்பண்ணனின் பெண்சாதி பாவாயிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கண்ணாயி என்று எட்டு வயதில் ஒரு மகள். பாவாயி நாலு பேர் கூடுகிற இடத்தில் பேசமாட்டாள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், சொல்லும்போது யார் முகத்தைப் பார்த்தார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டிருப்பாள். அவள் காடுதான் வனத்தை ஒட்டிய முதல் காடு. பன்றி இறங்கினால் முதல் வாய் அவள் சாமையில்தான்.

ஊர்ப் பெரியவர் சின்னுசாமியும், பக்கத்துக் காட்டுக்காரன் மாணிக்கமும் அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"இந்த வருசம் உன்ற ஊட்டு முறை, பாவாயி," என்றார் சின்னுசாமி. "நீ இருக்கிற இருப்புல போகவேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

"முறை எங்களுதுங்க மாமா. நானே போறேன்."

"பொம்பளை துப்பாக்கிக் கட்டைச் சுமந்துட்டுப் போனா கீழ்நாட்டான் சிரிக்க மாட்டானா?" என்றான் மாணிக்கம்.

"உப்புச் சுமக்கறப்பச் சிரிக்கலையே?"

பாவாயி பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. முறை தவறிய வீட்டை அந்த ஊரில் மூடிய வீடாக எண்ணிவிடுவார்கள். பிறகு தண்ணீர் பங்குக்கும் கூப்பிடமாட்டார்கள், அறுப்புக்கு ஆள் மாற்றவும் வரமாட்டார்கள். ஆம்பளை போனாலும் வீடு திறந்துதான் இருக்கிறது என்று காட்ட அவளிடம் இருந்தது அந்த ஒரு முறைதான்.

சின்னுசாமி குரலைத் தாழ்த்தினார். "சரி, போ. ஆனா ஒண்ணு. கருப்பண்ணன் எங்கேன்னு கேட்டா, காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சொல்லு. செத்துட்டான்னு சொன்னியோ, துப்பாக்கியை அங்கயே வச்சுக்குவாங்க. துப்பாக்கி இல்லாட்டி உன்ற காட்டுல ஒரு கதிர் மிஞ்சாது. அப்புறம் எங்க காட்டுக்கும் அதுதான் வழி."

பாவாயி தலையை ஆட்டினாள்.

விடியலில் கட்டைத் தலையில் ஏற்றினாள். குழல் வாயெல்லாம் துணியால் அடைத்திருந்தது. மருந்து மலையைவிட்டு இறங்கக்கூடாது என்பது ஊர்க் கட்டு. அதனால் அவளிடம் ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லை. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கும்போது, "காய்ச்சலுங்க, காய்ச்சலுங்க," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் அது நாக்குக்குப் பழகிவிட்டது என்று நினைத்தாள்.

பேளுக்குறிச்சியில் அன்றைக்குச் சந்தை. அந்தக் கூட்டத்தில் அவள் தலையில் இருந்தது விறகு இல்லை என்பதை முதலில் பார்த்தவர் ஏட்டு சாமியப்பன். அந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"ஏம்மா, நில்லு! எந்த ஊருமேல படையெடுத்துப் போறே?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. வெல்லக் கடைக்காரன் சிரித்தான். பாவாயி கட்டை இறக்கிவைத்துவிட்டு, மூங்கில் குழாயை நீட்டினாள்.

ஏட்டு காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்தார். "சின்னுசாமி. இவரு எங்கே?"

"காட்டுல இருக்காருங்க."

"மாணிக்கம்?"

"அவரும் காட்டுலதாங்க."

"ராசு?"

"அவரும்தாங்க."

"எல்லாரும் காட்டுல, துப்பாக்கி மட்டும் சந்தையிலயா? நல்லா இருக்குது. கருப்பண்ணன்?"

பாவாயி வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பழகிய சொல் தொண்டை வரைக்கும் வந்தது. படுத்திருக்கிறான் என்று சொன்னால், அவனை மறுபடி அந்தப் பாயில் கிடத்தி, மறுபடி அந்தப் பத்து நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"செத்துப்போயிட்டாருங்க," என்றாள். "ஐப்பசி கடைசியில."

ஏட்டின் சிரிப்பு நின்றது. கெட்ட மனுசர் இல்லை. ஆனால் சட்டத்தை வரிவரியாகப் படித்தவர். "இங்க பாரும்மா. லைசென்சு துப்பாக்கிக்கு இல்லை, ஆளுக்கு. அடுத்தவன் துப்பாக்கியைச் சுமந்து வந்தது குத்தம். செத்தவன் துப்பாக்கியை ஒப்படைக்காம ஊட்டுல வச்சிருந்தது இன்னொரு குத்தம். நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

அவர் அவளைப் பஸ்ஸில் தாலுக்கா கச்சேரிக்குக் கூட்டிப்போனார். பாவாயி அதுவரை பஸ்ஸில் ஏறியதில்லை. அதற்குப் பயப்படக்கூட அவளுக்கு அன்றைக்கு மனம் ஒழியவில்லை.

தாசில்தார் வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். ஏட்டு சொன்னதைக் கேட்டார். ஒரு துப்பாக்கியை எடுத்துக் குழல் வாயிலிருந்த துணியை உருவினார். மோந்து பார்த்தார். "மருந்து எங்கே?" என்றார்.

"மருந்து மலையைவிட்டு இறங்காதுங்க சாமி. ஊர்க் கட்டுங்க."

"எத்தனை வருசமாக இப்படி ஒரே ஆள் கொண்டுவருகிறீர்கள்?"

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா."

தாசில்தார் குமாஸ்தா நாமகிரியைத் திரும்பிப் பார்த்தார். நாமகிரி புதிதாக வேலைக்கு வந்த இளைஞர். அவர் கூரையைப் பார்த்தார்.

"சரி," என்றார் தாசில்தார். "துப்பாக்கிகள் இங்கேயே இருக்கும். டிசம்பர் முடிய எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் மூன்று பேரும் நேரில் வந்து, இது என்னுடையது, நான்தான் கொடுத்தனுப்பினேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விடுகிறேன். வராவிட்டால் மூன்றும் பறிமுதல். செத்தவர் துப்பாக்கிக்கு வாரிசு மனு போடவேண்டும். உனக்குக் கொழுந்தன், அண்ணன் தம்பி யாராவது இருக்கிறார்களா?"

"இல்லீங்க. நானும் என்ற புள்ளையும்தாங்க."

தாசில்தார் பேனாவை மைக்கூட்டில் வைத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அன்றைக்கு அடிவாரத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, மறுநாள் மத்தியானம் பாவாயி வெறுந்தலையோடு மலையேறினாள். ஊர் எல்லையிலேயே மாணிக்கமும் அவன் மச்சான் ராசுவும் நின்றிருந்தார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மாணிக்கம் குதித்தான்.

"ஒரு வார்த்தை! காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உனக்கு? நாலு ஊட்டையும் வித்துட்டு வந்திருக்கியே!"

"காய்ச்சல்னு சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க. நான் சுமந்ததே குத்தமாம்."

"நீ சுமந்ததாலதான் குத்தம். நாங்க சுமந்தப்ப ஆரு கேட்டா?"

"போன வருசம் நீ சுமந்தப்பவும் குத்தம்தான். அப்பக் கேக்கலை. இப்பக் கேக்கறாங்க."

"கச்சேரிக்கு வாடான்னு கூப்பிட்டு உள்ளே தள்ளத்தான் இது," என்றான் ராசு. "போனா பொங்கலைச் செயில்லதான் வைக்கணும்."

யாரும் இறங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சின்னுசாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாலு நாளும் ஊர் தகரத்தைத் தட்டியது, தீ மூட்டியது, கத்தியது. பன்றிகள் தகரச் சத்தத்துக்கு ஒரு நாள்தான் பயந்தன. மூன்றாம் நாள் விடிந்தபோது பாவாயியின் காட்டில் கீழ்ப்பாத்தி முழுக்க உழுது போட்டதுபோல் கிடந்தது. மாணிக்கத்தின் காட்டிலும் ஓரம் போயிருந்தது.

பாவாயி முறிந்து கிடந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, தேறிய கதிர்களைக் கூடையில் பொறுக்கினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் மாணிக்கமும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். இவள்தான் முதலில் பேசினாள்.

"மாணிக்கண்ணா, அந்த ஆபீசர் துப்பாக்கி வாயை மோந்து பார்த்தாரு."

"பார்த்தா?"

"மருந்து இல்லைன்னு தெரிஞ்சதும் மொகம் எளகிப்போச்சு. செயில்ல போடற ஆளு நேரா ஏட்டுகிட்டச் சொல்லியிருப்பாரு. இவரு குமாஸ்தாவை மொறைச்சாரு. குத்தம் பாதி அவங்க பக்கமும் இருக்குதுன்னு அவருக்கே தெரியும். இத்தனை வருசமா முத்திரை குத்தினது ஆரு? அவங்கதானே?"

மாணிக்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"உள்ளே தள்ளிட்டா?"

"தள்ளினா உன்ற காட்டை நான் அறுத்துத் தர்றேன். உன்ற பொண்டாட்டி சாட்சி."

"நல்லாச் சொன்னே போ," என்று மாணிக்கம் முனகினான். ஆனால் அன்று சாயங்காலமே சின்னுசாமி வீட்டுக்குப் போனான்.

எட்டாம் நாள் மூன்று ஆம்பளைகளும் பாவாயியும் கச்சேரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ராசு கட்டுச்சோற்றோடு போர்வையும் கொண்டுவந்திருந்தான். ஜெயிலில் குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

தாசில்தார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். துப்பாக்கியைக் காட்டி, "யாருடையது?" என்று கேட்டார். எழுதியதை நாமகிரி வாசித்துக் காட்டினார். மூன்று பேரும் கைநாட்டு வைத்தார்கள். தாசில்தார் காகிதத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டார். "உரியவரைத் தவிர வேறு யார் கையில் இது இருக்கலாம் என்று எழுத இங்கே இடம் இருக்கிறது. இத்தனை வருசமாகக் காலியாகக் கிடக்கிறது. ஒருத்தரே கொண்டுவர வேண்டுமானால், முன்கூட்டியே அவர் பேரை இதில் எழுதியிருக்க வேண்டும். யார் பேர் எழுத?"

மாணிக்கம் தலையைச் சொறிந்தான். "பாவாயின்னே எழுதுங்க சாமி. வழி தெரிஞ்ச ஆளு. பொய்யும் வராது. அதனாலதானே நாங்க இங்க வந்து நிக்கறோம்."

வாசலில் நின்ற ஏட்டு சாமியப்பன் மீசைக்குள் சிரித்தார்.

கடைசியாகப் பாவாயியின் மனு வந்தது. நாமகிரியே வெளியில் உட்காரவைத்துக் கேட்டு, ஸ்டாம்பு ஒட்டி எழுதியிருந்தார். தாசில்தார் அதை இரண்டு தரம் படித்தார்.

"இந்தத் தாலுக்காவில் ஒரு பெண் பேருக்கு லைசென்சு கேட்டு என்னிடம் மனு வந்ததில்லை. உனக்குச் சுடத் தெரியுமா?"

பாவாயி யோசித்தாள். தெரியாது என்றால் துப்பாக்கி எதற்கு என்பார். தெரியும் என்றால், எப்படித் தெரியும், யார் துப்பாக்கியில் சுட்டாய் என்பார். ஏட்டின் கையில் பென்சில் இருந்தது. பின்னால் சின்னுசாமி மெதுவாக இருமினார். தெரியாது என்று சொல்லு என்பதுதான் அந்த இருமலுக்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியுங்க," என்றாள்.

"எப்படி?"

"அவருக்கு ரெண்டு வருசமா வலக்கண்ணுல பூ விழுந்திருச்சுங்க. கண்ணு தெரியலைன்னா லைசென்சு போயிருமேன்னு ஆருகிட்டயும் சொல்லலை. அவரு கெட்டிச்சுத் தருவாரு, பக்கத்துல குந்திக்குவாரு. நான் பிடிப்பனுங்க. பெரும்பாலும் வெறும் மருந்துதாங்க. சத்தத்துக்கே ஓடிரும். ஈயம் போட்டு ஒரே ஒரு பன்னியைத்தான் சுட்டனுங்க. அதை ஊரே பங்கு போட்டுச்சு. அவரு சுட்டதுன்னு சொன்னோம்."

"அடப்பாவி, அந்தப் பன்னியா!" என்றான் மாணிக்கம் தன்னை மறந்து. "அந்தக் குறியைத்தானே ஒரு வருசமா மெச்சிட்டு இருந்தோம்!"

யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"ஏட்டு, பென்சிலை உள்ளே வையும்," என்றார். பிறகு நாமகிரியிடம், "எழுது. மனுதாரர் நாட்டுத் துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவர். மறைக்காமல் பேசுகிறவர். காடு வனத்தை ஒட்டியது. மனுதாரரைத் தவிரக் காவலுக்கு ஆள் இல்லை. சிபாரிசு செய்கிறேன்." பாவாயியைப் பார்த்தார். "என்னால் இவ்வளவுதான் முடியும். கையெழுத்து போடவேண்டியது சப்கலெக்டர் துரை. அவர் சரி என்றால் காகிதம் வரும். அதுவரைக்கும் துப்பாக்கி இங்கேதான் இருக்கும்."

மூன்று துப்பாக்கியோடும் நாலு பேரும் மலையேறினார்கள். பாவாயியின் சாமை அறுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் பொழுது சாய்கிற நேரத்தில் மாணிக்கம் தன் காட்டு வரப்புக்கு வந்து, அவள் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான்.

"உன்ற லைசென்சு உன்ற காட்டுக்குத்தானே?" என்று பாவாயி கேட்டாள்.

"நான் என்ற காட்டுலதானே குந்தியிருக்கேன்? சத்தம் உன்ற காட்டுக்குள்ள போனா அதுக்கு நானா பொறுப்பு?"

கீழ்ப்பாத்தி போனது போனதுதான். மேல்பாத்தி முழுசாக வீடு வந்தது. தாயும் மகளும் அடுத்த மழைவரைக்கும் தாங்குகிற அளவுக்குச் சாமை இருந்தது.

பொங்கல் போய், தை போய், மாசியும் பாதி ஆயிற்று. காகிதம் வரவில்லை. துரைக்கு இதெல்லாம் நினைவிருக்குமா என்று சின்னுசாமி உச்சுக்கொட்டினார். பாவாயி சந்தைக்கு இறங்கியபோதெல்லாம் ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிசம் நிற்பாள். காகிதம் வரவில்லை என்று ஏட்டு தலையை ஆட்டுவார். அவள் நடப்பாள். ஒரு சந்தை நாளில் அவர் தலையை ஆட்டவில்லை. எழுந்து உள்ளே போய், மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். "உட்காரும்மா. வாசிக்கிறேன்," என்றார். பேர், பாவாயி. புருசன் பேர், காலஞ்சென்ற கருப்பண்ணன். நோக்கம், பயிர்ப் பாதுகாப்பு. அவர் மூன்று தரம் வாசித்துக் காட்டினார். மூன்றாவது தரம் அவள் கேட்கவில்லை, அவராகவேதான் வாசித்தார்.

அதைக் காட்டித் துப்பாக்கியை வாங்கி வந்த பிறகும் பாவாயியின் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கூட்டத்தில் இப்போதும் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள். ஆனால் காடு, தண்ணீர், கச்சேரி என்று பேச்சு வந்தால், "பாவாயி என்ன சொல்றா?" என்று யாராவது திரும்பிப் பார்த்தார்கள். மகள் கண்ணாயியைக் குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்தாள். அதற்கு அடுத்த வருசம், மகளின் ஊரிலிருந்து ராமாயி என்ற பெண் மூன்று மணி நேரம் நடந்து அவளைத் தேடி வந்தாள். புருசன் ஒரு துப்பாக்கியை விட்டுவிட்டுச் செத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா," என்றாள் ராமாயி. "என்ற பேருக்கும் எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க. நாளாகும். ஆனா எழுதுவாங்க."

"எனக்குச் சுடத் தெரியாதுங்களே."

"அப்பத் தெரியாதுன்னே சொல்லு. கத்துக்கறேன்னு சொல்லு. துப்பாக்கியைத் தொடாம விட்டுட்டு, முதல்ல ஸ்டேஷன்ல போய்ச் சேதி சொல்லிருவோம். நானும் கூட வாரேன்."

"எப்பப் போலாங்க?"

"நாளைக்கே. விடியறதுக்குள்ள நல்லாச் சாப்பிட்டுட்டுக் கெளம்பணும்," என்றாள் பாவாயி. "அங்க நெம்ப நேரம் உட்கார வைப்பாங்க."